நட்சத்திரப் பட்டியலும் பெலாஞ்சாவும்

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி முடிந்த பிறகு, என் தொடக்கநிலை 5 தமிழ் வகுப்பின் நட்சத்திரப் பட்டியலை எண்ண உட்கார்ந்தேன். மொத்தம் 18 பிள்ளைகள். தவணை தொடங்கும்போது ஆளுக்கு 10 நட்சத்திரம். தமிழ் வகுப்பில் ஆங்கிலத்தில் பேசினால் பெயருக்கு எதிரே ஒரு கோடு விழும், கோட்டுக்கு ஒரு நட்சத்திரம் போகும். தவணை முடிவில் 8 நட்சத்திரமாவது மிச்சம் வைத்திருப்பவர்கள் என் பரிசுப் பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு மாணவியின் பெயருக்கு எதிரே ஒன்பது கோடுகள் இருந்தன. வீட்டில் பாட்டியோடு தமிழிலேயே பேசி வளர்ந்தவள் அவள். என் வகுப்பில் அவளை விடச் சரளமாகத் தமிழ் பேசும் பிள்ளை கிடையாது. அதே பட்டியலில், என் காதுபடவே ஆங்கிலத்தில் அரட்டை அடிக்கும் மூன்று பையன்களில் இரண்டு பேருக்குக் கோடே இல்லை. மூன்றாமவனுக்கு ஒன்றே ஒன்று.

பட்டியலை வைத்திருந்தவன் வகுப்புத் தலைவன். அதை அவன் கையில் கொடுத்தவள் நான்.

அதற்குப் பிறகு நடந்ததை, நான் செய்த தவறுகளையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த முறையை மாற்றவில்லை.

பணப்பைக் கட்டுரை

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் குணநல, குடியியல் கல்விப் பாடங்கள் தாய்மொழியில் நடக்கின்றன. அதனால் நேர்மையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும் பொறுப்பு தமிழாசிரியர்களிடமும் வருகிறது. கல்வி அமைச்சு சொல்லும் அடிப்படை விழுமியங்கள் ஆறு: மரியாதை, பொறுப்பு, மீள்திறன், நேர்மை, அக்கறை, நல்லிணக்கம். என் வகுப்புப் பிள்ளைகள் இந்த ஆறையும் மூச்சு விடாமல் சொல்வார்கள்.

நேர்மை என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னால் 18 பேரில் 12 பேர் ஒரே கதையை எழுதுவார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பணப்பை கிடக்கும். உள்ளே கத்தையாக நோட்டுகள் இருக்கும். மனத்துக்குள் ஒரு போராட்டம் நடக்கும். கடைசியில் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார்கள், உரிமையாளர் கண்ணீர் மல்க நன்றி சொல்வார். கதையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பணப்பை எப்போதுமே முன்பின் தெரியாத ஒருவருடையது. அதைத் திருப்பிக் கொடுப்பதால் எந்தச் சிநேகிதனும் கோபித்துக்கொள்ள மாட்டான். இடைவேளையில் யாரும் தனியாக உட்கார வேண்டியதில்லை.

பள்ளியில் நிஜமாக நடக்கும் சிறு முறைகேடு எல்லாமே சிநேகிதர்களுக்கு நடுவில் நடக்கிறது. மாற்றித் திருத்தும் சொல்வதெழுதலில் ஒரு பிழையைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். வீட்டுப்பாடத்தைக் காட்டுவதற்கு ஒரு போக்கிமான் அட்டை கைமாறும். வராத தோழியை இணைப்பாட நடவடிக்கை வருகைத் தாளில் வந்ததாகக் குறிப்பார்கள். இதில் எந்த இடத்திலும் பணப்பை இல்லை. அதனால் நாம் கற்றுக்கொடுத்த கதை அவர்களுக்கு நினைவுக்கே வருவதில்லை.

பட்டியலுக்குப் பின்னால்

திங்கட்கிழமை வகுப்புத் தலைவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பட்டியலை முன்னால் வைத்தேன். அவன் மறைக்கவே இல்லை. எனக்கு அதுதான் முதல் அதிர்ச்சி.

"நான் கேக்கல ஆசிரியர். அவங்களே பெலாஞ்சா பண்ணாங்க."

பெலாஞ்சா என்ற மலாய்ச் சொல்லை இங்கே பிறந்து வளர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒருவர் இன்னொருவருக்கு வாங்கிக் கொடுத்து உபசரிப்பது. தாத்தா காப்பிக்கடையில் நண்பருக்குச் செய்வது, அப்பா சம்பள நாளில் செய்வது. நல்ல சொல், அன்பான சொல். அந்தச் சொல்லுக்குள் இது எப்படிப் புகுந்தது என்று அவனே சொன்னான்.

மார்ச் கடைசியில் ஒருநாள் கேன்டீனில் அவனிடம் காசு குறைந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற பையன், பணம் கட்டும் வசதியுள்ள தன் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பணம் கட்டியிருக்கிறான். அன்று மதியம் தமிழ் வகுப்பில் அதே பையன் ஆங்கிலத்தில் பேசினான். கோடு போட இவனுக்குக் கை வரவில்லை. "எப்படிப் போடுறது? அவன் காலையில எனக்கு வாங்கிக் குடுத்தான்." அவ்வளவுதான் தொடக்கம். அடுத்த வாரம் இரண்டு பேர் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் ஒருவன் போக்கிமான் அட்டை கொண்டுவந்தான். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் ஒரு விலைப்பட்டியலே உருவாகியிருந்தது, ஒருவரும் எழுதி வைக்காமல்.

சரி, அந்தப் பெண்ணுக்கு ஏன் ஒன்பது? ஒரு பட்டியலில் கோடே விழாமல் இருந்தால் ஆசிரியருக்குச் சந்தேகம் வருமே! யார் பெயரிலாவது போட்டாக வேண்டும். எதுவும் கொடுக்காதவர்களில், அதிகம் திருப்பிக் கேட்காதவள் அவள்.

அவளிடம் "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு தடவை அவன்கிட்ட கேட்டேன் ஆசிரியர். அப்புறம் யாரும் என்கூடக் குரூப் வேலைக்குச் சேரல."

இந்த வாக்கியத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. நாங்கள் நேர்மையைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்த அதே அறையில், அதே பத்து வாரங்களில் இது நடந்திருக்கிறது.

நான் முதலில் செய்தது

அவசரப்பட்டேன். அந்த வாரமே வகுப்பு முழுவதையும் உட்காரவைத்து, பெயர் சொல்லாமல், லஞ்சம் எவ்வளவு கெட்டது என்று 20 நிமிடம் பேசினேன். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு என்ற பெயரையும் இழுத்தேன். குற்றம் நிரூபணமானால் 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம் என்று சொன்னேன். பிள்ளைகள் கண்ணை அகல விரித்துக் கேட்டார்கள். லஞ்சம் வாங்கலாமா என்றேன். கூடாது ஆசிரியர் என்று 18 குரலும் ஒன்றாக வந்தது. வாங்கியவனும், கொடுத்தவர்களும், இழந்தவளும் சேர்ந்தே சொன்னார்கள்.

ஒருவர்கூட அதைத் தங்கள் பட்டியலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. லஞ்சம் என்பது பெரியவர்கள், உறைக்குள் பணம் வைத்து, மேசைக்கு அடியில் கொடுப்பது. தாங்கள் செய்தது பெலாஞ்சா. என் பேச்சு அந்தப் பிரிவினையை இன்னும் கெட்டியாக்கிவிட்டது. பயமுறுத்தும் தண்டனையைச் சொன்னபோது, அது தங்களுக்குச் சம்பந்தமில்லாத பெரிய விஷயம் என்று அவர்களுக்கு உறுதியாகிவிட்டது.

அப்பாவின் பழமொழி

மாதக் கடைசியில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு. வாங்கிக் கொடுத்த பையன்களில் ஒருவனின் அம்மா கைப்பேசியில் ஆப்பைத் திறந்து காட்டினார். மகன் கைக்கடிகாரத்தில் தட்டிச் செலவழித்ததெல்லாம் அதில் வரும். "தினம் ரெண்டு சாப்பாடு வாங்கியிருக்கான். வளர்ற பையன், பசிக்குதுன்னு நெனச்சு இன்னும் காசு போட்டேன் டீச்சர்" என்றார். அவர் முகத்தில் இருந்தது வருத்தமா வெட்கமா என்று எனக்குப் புரியவில்லை.

வகுப்புத் தலைவனின் அப்பா முதலில் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், மகன் மேல் உயிர். "சின்னப் பிள்ளைங்க வெளையாட்டு டீச்சர். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா?" என்றார்.

நம் வீடுகளில் இந்தப் பழமொழி எத்தனை தடவை, எவ்வளவு செல்லமாகப் புழங்குகிறது! கோயில் அன்னதானத்தில் தனக்குத் தெரிந்தவர்களுக்குக் கூடுதலாக எடுத்து வைக்கும்போது, பொழுதுபோக்குப் பூங்கா வாசலில் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லும்போது, தொடக்கநிலை 1 சேர்க்கைக்குப் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் முகவரியைப் போடும்போது எல்லாம் இதே சமாதானம்தான். வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை வைத்து முன்னுரிமை பெறுபவர்கள் அந்த முகவரியில் குறைந்தது 30 மாதம் குடியிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதே, அப்படிச் செய்பவர்கள் இருப்பதால்தான். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதையும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது?

அவரோடு வாதாட எனக்கு மனமில்லை. அவர் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒன்றை மட்டும் நினைவுபடுத்தினேன். 2018-இல் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலை பார்த்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் இரண்டு பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. லாரி ஓட்டுநர்களைத் தாமதிக்க வைக்காமல் இருப்பதற்காகப் பணம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. வாங்கிய தொகை சில நேரம் வெறும் 1 வெள்ளி.

அவர் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு இடத்தில் வரிசையில் காத்திருந்த கதையைச் சொன்னார். காப்பிக் காசு கொடுத்தவர்கள் வண்டி முன்னால் போகும். இவர் கொடுக்க மாட்டார். வெயிலில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். ஒரு நடை குறைந்தால் அன்றைய வருமானம் குறையும். "அப்ப நான் அந்தப் பொண்ணு மாதிரில்ல இருந்திருக்கேன்" என்றார்.

அதை நான் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அன்று இரவு வீட்டில் அவர் மகனோடு என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஜூன் விடுமுறை முடிந்து முதல் நாள், பையன் ஐந்து அட்டைகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தான். சாப்பிட்டதைத் திருப்ப முடியாது என்பதால் மூன்று பேரிடமும் ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்டு எழுதிக்கொண்டான். தலைவர் பொறுப்பை ஒரு தவணைக்கு வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னான்.

"யாருடையது?"

மூன்றாம் தவணையில் நான் பாடத்தை வேறு மாதிரி தொடங்கினேன். லஞ்சம் என்ற சொல்லையே முதல் இரண்டு வகுப்புகளில் எடுக்கவில்லை. பட்டியலைப் பலகையில் ஒட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்தப் பட்டியல் யாருடையது?

தலைவருடையது என்றார்கள் சிலர். ஆசிரியருடையது என்றார்கள் பலர். நான் அடுத்ததைக் கேட்டேன். ஒரு கோடு போடாமல் விட்டதற்கு ஒரு சாப்பாடு கிடைத்தது என்றால், அங்கே விற்கப்பட்டது எது? வகுப்பு நீண்ட நேரம் அமைதியாக இருந்தது. கடைசி வரிசையில் இருந்து ஒருவன், "கோடுதான் வித்தது. ஆனா அது அவனோடது இல்லையே" என்றான்.

இந்த ஒரு இடம் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வருகிறது என்பது என் அனுபவம். உன் சொந்தக் காசில் உன் சிநேகிதனுக்கு வாங்கிக் கொடுத்தால் அது பெலாஞ்சா. உன்னிடம் இரவலாக இருக்கும் ஒன்றை, எல்லோருக்கும் பொதுவான ஒன்றை வைத்து நீ லாபம் பார்த்தால் அதற்குப் பெயர் வேறு. பட்டியல், வரிசை, வருகைத் தாள், சாவி எல்லாமே இரவல்.

பழமொழியையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன், யார் சொன்னார் என்று சொல்லாமல். தேன் எடுத்தவன் நக்குவது சரியா என்றேன். "அது யாரோட தேன் ஆசிரியர்?" என்று கேட்டாள் ஒரு சின்னப் பெண். ஒருவன் கூலிக்கு எடுப்பதாகச் சொன்னான். இன்னொருவன் தேனீயுடையது என்றான். அரைமணி நேரம் போனதே தெரியவில்லை. என் 20 நிமிடப் பேச்சில் நடக்காதது அங்கே நடந்தது.

அதற்குப் பிறகுதான் நாட்டின் கதையைச் சொன்னேன். என் மாணவர்களில் பல பேர் சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள பொங்கோலில் குடியிருக்கிறார்கள். 1951-இல் அதே பொங்கோல் கடற்கரையில் ஏறக்குறைய 1,800 பவுண்டு அபின் கொள்ளை போனது, அதன் மதிப்பு 400,000 வெள்ளி, அதில் போலிஸ் துப்பறிவாளர்களே சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்றதும் வகுப்பு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டது. அப்போது ஊழலை விசாரித்தது போலிஸ் படைக்குள்ளேயே இருந்த ஒரு சிறு பிரிவு. "அவங்களே அவங்களை எப்படிப் பிடிப்பாங்க?" என்று கேட்டான் ஒருவன். அதனால்தான் 1952-இல் போலிஸுக்கு வெளியே தனிப் பிரிவு அமைந்தது, 1960-இல் ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது, இன்று அந்தப் பிரிவு நேரடியாகப் பிரதமர் அலுவலகத்தின் கீழ் இயங்குகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு ஒன்று உண்டு. இந்தத் தொழிலில் இப்படி வாங்குவது வழக்கம் என்று காட்டும் சான்றை நீதிமன்றம் ஏற்காது. எல்லாரும்தான் பண்றாங்க என்ற சாக்கை 1960-லேயே கதவைச் சாத்தி வெளியே நிறுத்திவிட்டார்கள். புறங்கைப் பழமொழிக்கும் அங்கே இடமில்லை.

கஷ்டமான கேள்விகளும் வந்தன. ஒரு மாணவன் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரனைப் பற்றிக் கேட்டான். 2024 அக்டோபரில் அவருக்கு 12 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட செய்தி நம் தமிழ் வீடுகளில் எவ்வளவு வலியோடு பேசப்பட்டது என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. "அவரும் கிஃப்ட்தானே வாங்கினார்?" என்றான். பேச்சை மாற்றிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மாற்றவில்லை. அரசுப் பொறுப்பில் இருப்பவர், தன் பணியில் தொடர்புள்ளவர்களிடமிருந்து விலை மதிப்புள்ள பொருள்களைப் பெற்றதும், நீதி விசாரணைக்கு இடையூறு செய்ததும்தான் அவர் ஒப்புக்கொண்ட குற்றங்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அமைச்சர் பதவி யாருடையது என்று மட்டும் திருப்பிக் கேட்டேன்.

அப்புறம் என் முறை வந்தது. ஆசிரியர் தினத்துக்கு நாங்கள் தரும் பரிசு என்ன கணக்கு என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அரசு ஊழியர்கள் பரிசுப் பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, நானும் அதற்குக் கட்டுப்பட்டவள் என்றேன். கைப்பட எழுதிய அட்டை எனக்குப் போதும் என்றும் சொன்னேன். அந்தச் செப்டம்பரில் 18 அட்டைகள் வந்தன. ஒன்றில் எழுத்துப்பிழை ஐந்து இருந்தது, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாறியதும் மாறாததும்

பட்டியலை ஒருவரிடம் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். இப்போது இரண்டு பேர் சேர்ந்து குறிக்கிறார்கள், வாரத்துக்கு வாரம் ஆள் மாறும். பட்டியல் என் மேசை இழுப்பறையில் இல்லை, சுவரில் இருக்கிறது. கோடு விழுந்தவர் அன்றே ஏன் என்று கேட்கலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் தனியாக ஓர் அதிகாரத்தைக் கொடுத்து, மேற்பார்வையும் இல்லாமல் விட்டுவிட்டு, அவன் குணத்தை மட்டும் குறை சொல்வது அநியாயம். அந்தச் சோதனையை அவன் முன் வைத்தது நான்தான், அவனிடமும் அதைச் சொன்னேன்.

எல்லாம் சீராகிவிட்டதா என்றால், இல்லை. ஆகஸ்டில் புகார்கள் பெருகின. தொட்டதற்கெல்லாம் இது யாருடையது என்று ஒருவரை ஒருவர் மடக்கினார்கள். பென்சில் இரவல் கொடுக்கவே பயந்தான் ஒருவன். உதவிக்கும் ஊழலுக்கும் வித்தியாசம் சொல்ல இன்னும் இரண்டு பாடவேளை தேவைப்பட்டது. வாங்கிக் கொடுத்தவர்களில் ஒரு பையன் கடைசிவரை, "நான் என் காசுலதானே வாங்கிக் குடுத்தேன், நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தான். சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளிதான் என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினான். மனத்தில் ஏறியதாகத் தெரியவில்லை. அவனிடம் நான் தோற்றுப்போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண்ணின் நட்சத்திரங்களை ஜூலையிலேயே என் பதிவேட்டில் திருப்பிப் போட்டிருந்தேன். பரிசுப் பெட்டியிலிருந்து ஒரு வண்ணப் பேனாவும் எடுத்துக்கொண்டாள். அவள் விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். செப்டம்பரில் பட்டியல் குறிக்கும் முறை அவளுக்கு வந்தபோது, வேண்டாம் என்றாள். காரணம் கேட்டேன்.

"நான் ஒன்பது தடவை இங்கிலீஷ்ல பேசினேன்னு இன்னும் கொஞ்ச பேர் நெனச்சுக்கிட்டு இருக்காங்க ஆசிரியர். ஸ்டார் திரும்பி வந்தது அவங்களுக்குத் தெரியாது."

மறுநாள் பழைய பட்டியலைத் தேடி எடுத்து வந்து பலகையில் ஒட்டினேன். அவள் பெயருக்கு எதிரே இருந்த கோடுகள் தவறானவை, அவற்றைச் சரிபார்க்காமல் விட்டது என் பிழை என்று வகுப்பின் முன் சொன்னேன். பிறகு சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். வகுப்பில் சத்தமே இல்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.